காகிதம் நனைய ஐந்து நிமிஷம்

கர்ரக்கென்று எதையோ முறுக்கிவிடும் சத்தம், அப்புறம் டிக் டிக் டிக் என்று அது ஓட ஆரம்பித்தது, இடது காதுக்குப் பக்கத்தில், மேஜை மேலேதான் இருக்க வேண்டும், தகர மேஜை, அதனால்தான் ஒவ்வொரு டிக்குக்கும் அடியில் ஒரு சின்ன ணங் ஒட்டிக்கொண்டு வருகிறது. சவரிமுத்துவுக்குச் சத்தங்கள் தெரியும். இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில், ரிங் பிரேம் ஓடுகிற ஹாலில், அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. அத்தனை கதிர்களும் சுழல்கிற இரைச்சலுக்குள் எந்தப் பக்கம் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவான். "அஞ்சு நிமிஷம் மாமா. கண்ணத் திறக்கக் கூடாது, கசக்கக் கூடாது" என்றாள் சகாயராணி. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்கிற பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும். இரண்டு கண்ணிலும் கீழ் இமையை இழுத்து, ஓரத்தில் மெல்லிய காகித நாடா ஒன்றை மடித்துச் செருகியிருக்கிறாள்; கண்ணீர் ஊறி அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்களாம். இடது கண்ணில் அது உமி விழுந்த மாதிரி உறுத்தியது. வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. அதனால்தான், யோசிக்காமல், வாய் தானாகத் திறந்து, "வலதுல இன்னும் வைக்கலையே பாப்பா?" என்று கேட்டுவிட்டான். அவள் சிரித்தாள். "மொதல்ல வலதுலதான மாமா வெச்சேன்" என்றாள். சிரிப்பு பாதியில் நின்ற மாதிரி இருந்தது. நிஜமாகவே நின்றதா, இல்லை இவனுக்குத்தான் அப்படிக் கேட்டதா. டிக் டிக். அவள் செருப்பு நகர்ந்தது. பேனா மூடி கழன்றது. எழுதுகிறாளா. என்ன எழுதுகிறாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஒரு வார்த்தை, இத்தனை வருஷம் மூடி வைத்ததை ஒரு வார்த்தை கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டது.

காலையில் டாக்டரம்மா கேட்டபோதெல்லாம் நன்றாகத்தான் சமாளித்தான். சுகர் உண்டா, இல்லை. பிரஷர், இல்லை. தினம் சாப்பிடுகிற மாத்திரை ஏதாவது, சத்து மாத்திரை. நெற்றியில் என்ன தழும்பு, புருவத்திலிருந்து மண்டை வரைக்கும் போகுதே, ஒரு பக்கமா. சின்ன வயசுல எண்ணெய் தெறிச்சதுங்க. டாக்டரம்மா பேனாவை வாயில் வைத்துக்கொண்டு அவன் நெற்றியையே பார்த்தாள். சின்னப் பெண்தான், ஆனால் அவசரப்படவில்லை. "அக்கி வந்துச்சா எப்பவாவது?" "இல்லைங்க." "பஞ்சு மில்லுல நைட் ஷிப்டுங்கறீங்க. தூசியால கண்ணு காயும், நெறைய பேருக்குப் பார்த்திருக்கேன். ஆனா தூசின்னா ரெண்டு கண்ணும் ஒண்ணு போலத்தான் காயணும். உங்களுக்கு வலது மட்டும் ஏன் இப்படிப் புண்ணாகிக் கெடக்கு?"  வலது பக்கம் ஜன்னல்ங்க, அங்க இருந்து காத்து வரும் என்றான். சொன்ன பிறகு தனக்கே வெட்கமாக இருந்தது, காற்றடித்தால் நூல் அறும், மிஷின் ஓடுகிற ஹாலில் எந்த ஜன்னலைத் திறக்க விடுவார்கள். அவள் சிரிக்கவில்லை. "இத பாருங்க. தூசின்னா ஒரு மருந்து. அக்கியால நரம்பு செத்துப் போயிருந்தா வேற மருந்து. மாத்திப் போட்டேன்னா புண்ணு ஆழமாப் போயி கருவிழியில ஓட்டை விழுந்துரும். அப்புறம் அந்தக் கண்ணு அவ்வளவுதான். அதனாலதான் கேக்குறேன்." பிறகு சுருளிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி, நுனியைத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கண்ணைத் தொட்டாள். திரிக்கிறபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது அது நீள இழைப் பஞ்சு இல்லை என்று, ஆஸ்பத்திரிப் பஞ்சு, கழிவில் செய்தது. இடது கண் துடித்து மூடியது. வலதுக்கு அவள் கை வருவதை ஓரப் பார்வையில் பார்த்து, வந்துவிட்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, கண்ணைச் சிமிட்டினான். "தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது." "நான் இன்னும் தொடவே இல்லையே" என்றாள் டாக்டரம்மா. சத்தம் போடாமல் சொன்னாள், திட்டுகிற மாதிரி இல்லை, சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். பிறகுதான் இந்தக் காகிதம். மில்லில் ராத்திரி பூராவும் பஞ்சு, மூக்கில் பஞ்சு, காதில் பஞ்சு, சோற்றில் பஞ்சு, சாப்பிட்ட பிறகு துப்பினால் பஞ்சு, அந்தப் பஞ்சு வந்து தன் கண்ணைத் தொடுகிறது, அது தொட்டது தனக்குத் தெரியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது. சொன்னால் சிரிப்பார்கள். அவனுக்கே சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மடியில் மஞ்சப்பை. உள்ளே அந்த டப்பா. அசைந்தால் குலுங்காது, மூடிக்கடியில் மில் பஞ்சை அடைத்து வைத்திருக்கிறான், மாத்திரை உருளுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

அக்கிதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், முப்பத்தாறு வயசில், ஒரு பக்க நெற்றியில் தீப்பிடித்த மாதிரி எரிச்சல், மறுநாள் கொப்புளம், வலது கண் இமை மூடி வீங்கி. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, ஊசி போட்டால் உள்ளே இறங்கிவிடும், அக்கி எழுதணும் என்றார்கள். மண்பானை செய்கிற வேளார் காவி மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்து, கோழி இறகால், புருவத்துக்கு மேலே சிங்கம் வரைந்தார். மூன்று நாள் வரைந்தார். காவி குளிர்ச்சியாக இருந்தது, அதை மட்டும் இப்போதும் நினைத்தால் தெரிகிறது, ஈரக் காவி நெற்றியில் ஓடுகிற குளிர்ச்சி, இறகு நுனி. நெற்றியில் அந்த இடத்தை இப்போது தொட்டால் யாரோ மேல் இருக்கிற தோலைத் தொடுகிற மாதிரிதான் இருக்கும். எட்டாம் நாள் சிங்கத்துக்கடியில் சீழ் கோத்துக்கொண்டு, மனைவி லூர்து அவனை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனாள். அங்கே வயசான டாக்டர் ஒருவர் காவியைத் துடைக்கச் சொல்லிவிட்டு, இந்த வயசில் இவ்வளவு அக்கி எப்படி என்று, ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவுத் தாளில் எச்.ஐ.வி., பாசிட்டிவ். அந்த எழுத்துகளை அவன் தானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் ஒவ்வொன்றாகப் படித்தான். படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள், சட்னி வேண்டாம் என்று பிள்ளை அழுதது. அதுதான் ஞாபகம் இருக்கிறது. எங்கே, எப்போது, யாரிடம், ஊசியா, மில்லில் சேருவதற்கு முன்னால் மும்பையில் இருந்த அந்த எட்டு மாசமா, தேடித் தேடி, ஒரு வருஷம் தேடி, பிறகு தேடுவது நின்றுவிட்டது, சாவி தொலைத்தவன் கடைசியில் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவதுபோல. லூர்து ஒரு தடவைதான் பேசினாள். "யாரு என்னன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. மாத்திரைய மட்டும் மறக்காதீங்க." வருஷா வருஷம் அவளும் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்கிறாள், அவளுக்கு இல்லை. கூட்டு மருந்து என்று சொல்வார்கள், மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்று. ஊரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று திருச்சிக்குப் போய் வாங்குகிறான். அங்கே வரிசையில் பார்த்த முகங்களை வெளியே பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் யாரும் யாரையும் தெரிந்துகொள்வதில்லை. அது ஒரு மரியாதை. மருந்து டப்பா வந்ததும் மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தை ஈரத்துணியால் நனைத்து, நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அப்புறம் அது வெறும் வெள்ளை டப்பா, சத்து மாத்திரை. இன்றைக்குக் காலையில் பாதி சுரண்டிக்கொண்டிருந்தபோது பஸ் வந்துவிட்டது, அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான்.

"ஏத்தா, வந்து வந்து தண்ணி ஊத்திட்டுப் போறியே, கண்ணுல செடியா நட்டிருக்கு?" யாரோ பெரியவர், திறந்த கதவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில், கண்புரை பார்க்க வந்தவர். "ஆமா தாத்தா, மல்லிச் செடி. பூத்ததும் எனக்குத்தான் பறிச்சுத் தரணும்" என்றாள் சகாயராணி. "ஒனக்கெதுக்கு, வீட்டுக்காரி இருக்கா எனக்கு." "பாட்டிக்குக் கண்ணு தெரியுமா?" "அது தெரியாமத்தானத்தா என்னையக் கட்டுச்சு." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சவரிமுத்து அசையாமல் இருந்தான். அவள் குரலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே நுழைந்தபோது சார் என்றுதான் கூப்பிட்டாள். அட்டையில் மில் பெயரைப் பார்த்துவிட்டு, "எங்க சந்தியாகு மாமா அங்கதான பிட்டரு, தெரியுமா?" என்றாள். தெரியும் என்று சொன்னான், அதிலிருந்து மாமா. சந்தியாகுவின் அக்கா மகள். சந்தியாகு ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பேசினால் இந்த ஷிப்டில் சொன்னது அடுத்த ஷிப்டுக்கு முன்னால் கேண்டீனுக்குப் போய்விடும். கேண்டீனில் ஒரு எவர்சில்வர் தம்ளர் இருந்தது, அடியில் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தது. அது பஞ்சு கலக்குகிற மிக்சிங்கில் வேலை பார்த்த பேச்சிமுத்துவுக்கு. அவனுக்குக் காசநோய்தான், வேறொன்றுமில்லை, ஆறு மாசத்தில் சரியாகிவிட்டது. பொட்டு அழியவில்லை. அவன் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தத் தம்ளர் அலமாரியில் தனியாகக் கவிழ்த்து இருந்தது, யாரும் எடுக்க மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். இவனும்தான் எடுக்கவில்லை. ஒரு நாள் கூட்டத்தில் தம்ளர் போதாமல் அதை எவனோ நீட்டியபோது இவனே, தானே, கையை மடக்கிக்கொண்டு எனக்கு டீ வேண்டாம் என்றான். அதை நினைத்தால் உறுத்த வேண்டும். உறுத்தவில்லை. டிக் டிக். எத்தனை நிமிஷம் போயிருக்கும். இரண்டா. மில்லில் என்றால் ஒரு சுற்றுப் போய் வந்திருக்கலாம்.

அப்போதுதான் அது தோன்றியது. அழுதுவிட்டால் என்ன. வலது காகிதமும் நனைந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும், இரண்டு கண்ணும் ஒன்று போல, தூசிதான், மில் தூசி, சந்தியாகுவுக்கும் தூசி, எல்லாருக்கும் தூசி. டாக்டரம்மா தூசிக்கு மருந்து எழுதுவாள். ஓட்டை விழுந்துரும் என்றாளே. விழட்டும், ஒரு கண்தானே, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நூல் ஒட்ட முடியாதா, விரலுக்குத்தான் நூல் தெரியும், கண்ணுக்கு எங்கே தெரிகிறது. அழ வேண்டும். எதை நினைத்தால் அழுகை வரும் என்று உள்ளே தேடிப் போனான், அரிசி டப்பாவில் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி. பெரியண்ணன் இன்னாசி செத்தது. கோயில் மணி, பெட்டி, பெட்டிக்கு மேல் வெள்ளைத் துணி, குழிக்குள் மண் தள்ளுகிற சத்தம். அன்றைக்கு நிஜமாகவே அழுதான். அழுதுகொண்டிருந்தபோது மதினி அவன் முகத்தையே பார்த்துவிட்டு, பொம்பளைகள் பக்கம் திரும்பி, "பாருங்கடி, கூடப் பொறந்தவன் செத்ததுக்கு ஒத்தக் கண்ணால அழுவுறான். இன்னொரு கண்ண யாருக்கு வெச்சிருக்கானோ" என்றாள். சாவு வீட்டில் சில பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் கருப்புக் கண்ணாடி. இதை நினைத்தபோது இடது கண்ணில் சூடாகச் சுரந்தது. வலதில் ஏதாவது. இல்லை. இன்னொன்று. மகள் ஜெசிந்தா நாலாவது படித்தபோது அவன் தட்டில் மிச்சமிருந்த முட்டையை எடுத்து வாயில் போடப் போனாள், இவன் அதைத் தட்டிவிட்டான், கீழே விழுந்தது. தட்டில் ஒட்டாது, எச்சிலில் ஒட்டாது என்று திருச்சியில் படம் போட்டுச் சொன்னார்கள், தெரியும், நன்றாகத் தெரியும், இருந்தும் கை தட்டிவிட்டது. பிள்ளை அழவில்லை. முட்டையை எடுத்துக் கழுவித் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான்ப்பா வேணும்னா சொல்லியிருக்கலாம்ல" என்றாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். ஒருநாள் அவளே இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பாள், அக்கி, அக்கித் தழும்பு, எந்தப் பக்கம், எந்த வயசில், படித்துவிட்டு லீவுக்கு வீட்டுக்கு வந்து அப்பா நெற்றியைப் பார்ப்பாள். இடது கன்னத்தில் வழிந்தது. காகிதத்தின் நுனி ஈரமாகிக் கனத்துத் தொங்குவது தெரிந்தது. வலது, காய்ந்த வாய்க்கால். இன்னும் அழு, இன்னும் அழு என்று தனக்குள் சொன்னான், சூப்பர்வைசர் குரலில். எவ்வளவு அழுகிறானோ அவ்வளவும் இடது பக்கமே போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் உறைத்தது, அட கிறுக்குப் பயலே, இடதை நனைத்து நனைத்து வித்தியாசத்தை நீயே கூட்டிவிட்டாயே. நிறுத்த வேண்டும். நிற்கவில்லை. துக்கமாகவும் இல்லை. குழாயைத் திறந்து வைத்துவிட்டு வேறு யாரோ போய்விட்ட மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரிங்கென்று கடிகாரம் அடித்தது. தகர மேஜை அதிர்ந்தது. செருப்புச் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது, சோப்பு வாசனை. "மெதுவா, நானே எடுக்குறேன்." இடதிலிருந்து உருவியபோது இமை கூசியது. வலதிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.  "இடது இருபத்தாறு" என்றாள், எழுதிக்கொண்டே. "வலது ரெண்டு." பிறகு குனிந்து, அந்தப் பக்கத்துப் பெரியவருக்குக் கேட்காத மாதிரி, "மாமா, வெச்சது வலதுல தெரியலேன்னு கேட்டீங்கள்ல. அத டாக்டர்கிட்டச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" கண்ணைப் பற்றித்தான் அவள் கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அந்தக் கேள்வி வேறெங்கோ ரொம்பக் காலமாக வாசலில் நின்றுகொண்டிருந்து இப்போதுதான் உள்ளே வந்த மாதிரி இருந்தது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா. தழும்பு சொல்லிவிட்டது, காகிதம் சொல்லிவிட்டது, பஞ்சு சொல்லிவிட்டது. எல்லாம் சொல்லி முடித்த பிறகு பாக்கி அவன் ஒருத்தன். "நானே சொல்றேன் பாப்பா" என்றான்.

டாக்டரம்மா வந்து எதிரில் முக்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, திறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. "எண்ணெய் இல்லைங்க. அக்கிதான்" என்றான். "பதினொரு வருஷம் ஆச்சு." முக்காலி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. "சரி. வேற?" "கூட்டு மருந்து சாப்பிடுறேன். திருச்சியில." பிறகு, அவளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று, "எச்.ஐ.வி.க்கு" என்றான். தன் குரலை அந்த எழுத்துகளோடு சேர்த்து அவன் இதுவரை கேட்டதில்லை. சாதாரணமாகத்தான் இருந்தது, நம்பர் சொல்கிற மாதிரி. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "ஒரு நாள் விட்டதில்ல." "கிருமி எவ்வளவு இருக்குன்னு பார்த்தாங்களா?" "தெரியவே இல்லைன்னு சொன்னாங்க. நாலு வருஷமா." "நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள் டாக்டரம்மா, வீட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. "இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்தக் காகிதம்கூட வேணாம். கண்ணக் காப்பாத்திரலாம். அந்த நரம்பு திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஓட்டை விழாமப் பார்த்துக்கலாம். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு போட்டு இமையை ஒட்டிட்டுத் தூங்கணும். பகல்லதான தூங்குவீங்க? அப்பப் போடுங்க." பிறகு தலையைத் திருப்பி, "சகாயம், அந்தக் கதவச் சாத்தும்மா" என்றாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே நின்று சாத்தினாளா, வெளியே போய்ச் சாத்தினாளா, எந்த வார்த்தைக்கு முன்னால் சாத்தியிருக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதானே சாத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வராந்தாவில் லூர்து தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. "என்ன சொன்னாங்க?" "தூசி இல்லையாம்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இடது கன்னத்தில் காய்ந்த கோட்டைப் பார்த்திருப்பாள். "சொல்லிட்டீங்களா?" "ம்." "அந்தப் புள்ள இருந்துச்சா?" "தெரியல."  லூர்து முந்தானை நுனியால் அந்தக் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள், தட்டு துடைக்கிற மாதிரி. "சீட்டக் குடுங்க, மருந்து வாங்கிட்டு வாரேன். இட்லி இருக்கு, திங்கிறதா இருந்தாத் தின்னுங்க" என்று எழுந்து போனாள். அவள் செருப்பு தேய்கிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டு, திரும்பின இடத்தில் நின்றுபோனது. உள்ளே அந்தப் பெரியவர் இன்னும் செடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார், சகாயராணியும் ஏதோ பதில் சொன்னாள், அதே குரல்தான், அதே குரலாகத்தான் இருந்தது. மில்லுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போக வேண்டும். சந்தியாகுவும் அதே ஷிப்ட். தம்ளர் அலமாரியில் இருக்கும். சவரிமுத்து மஞ்சப்பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தான். லேபிள் பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு, காலையில் விட்ட இடத்தில் நின்றது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கட்டைவிரலை நனைத்துக்கொண்டான். நுனி எது என்று விரலே தேடிக் கண்டுபிடித்தது. அந்த நுனியில் நகத்தை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தான்.